காற்று தூக்கித் தரும் எண்ணெய்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மனித உடலுக்குக் குருதி எப்படியோ, மோட்டார் காருக்கு எஞ்சின் ஆயில் அப்படி. உரசும் உலோகப் பாகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கிறது, சூட்டைக் கடத்துகிறது, கசடைத் தானே சுமக்கிறது. நாளடைவில் அதுவே கெட்டுவிடுவதால், காரின் கையேடு சொல்லும் கெடுவுக்குள் மாற்றியாக வேண்டும்.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, நட்டைக் கழற்றி, ஆயிலை அவரே மாற்றுவார். ஒருமுறை கொதிக்கும் ஆயில் அவர் முன்கையில் கொட்டிவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்பு அந்தத் தழும்புக்கு என்ன பதில் சொல்லும் என்று பலநாள் எண்ணியதுண்டு. பதில் எங்கள் பாடத்திலேயே இருந்தது.

தத்துவம்

ஆயில் உறிஞ்சி என்பது மூடிய கலம், கைப்பம்பு, நீண்ட மெல்லிய குழாய் ஆகியவை சேர்ந்த எளிய கருவி. பம்பை அடித்தால் கலத்திலுள்ள காற்று வெளியேறி அழுத்தம் குறைகிறது. எஞ்சினுக்குள்ளோ வளிமண்டல அழுத்தம் அப்படியே உள்ளது. அதுவே ஆயிலைக் குழாய் வழியே கலத்துக்குள் தள்ளுகிறது. ஆக, கருவி இழுப்பதில்லை, காற்றுதான் தள்ளுகிறது! 1643-இல் டாரிசெல்லியின் குழாயில் 76 செ.மீ. பாதரசத்தைத் தாங்கி நின்றதும் இதே அழுத்தம்தான். தண்ணீரையே சுமார் 10 மீட்டர் உயர்த்த வல்லது அது. நமக்குத் தேவையோ ஒரு மீட்டர் அளவே.

பின் ஏன் ஆயில் மெல்ல வருகிறது? பாகுநிலையே காரணம். பாய்சொய் விதிப்படி, குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் 16-இல் ஒரு பங்காகிவிடும். பாகுநிலை குறைந்தால் ஓட்டம் கூடும். டிப்ஸ்டிக் துளைக்குள் நுழையும் குழாயைப் பருமனாக்க இயலாது. ஆயிலைச் சூடாக்க இயலும். இதை விளக்கியபோது தந்தையார் சிரித்தார். "சூடா இருந்தாத்தான் தம்பி இறங்கும். இது எனக்கு முப்பது வருஷமாத் தெரியுமே" என்றார். விதி அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதன் பெயர்தான் தெரியாது.

செய்முறை

திறந்த வெளியில், சமதரையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விடுக. அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவி, அத்துளையில் குழாயை அடி தட்டும்வரை செலுத்துக. பம்பை அடித்துவிட்டுக் காத்திருக்க. காற்றுக்குமிழி வரத் தொடங்கினால் குழாயைச் சற்று நகர்த்திப் பார்க்க. வந்த அளவைக் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிடுக. பின் ஃபில்டரை மாற்றி, கையேடு குறிக்கும் தரமுள்ள ஆயிலை ஊற்றி, டிப்ஸ்டிக்கின் மேல்குறியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்க.

இம்முறை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சிலவற்றில் குழாய் அடிவரை எட்டாது. ஃபில்டர் கீழே இருந்தால் அடியில் படுத்தே ஆகவேண்டும். அப்போது ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது, உறுதியான தாங்கிகள் வேண்டும். அடியில் தங்கும் கசடு போக, இடையிடையே நட்டைக் கழற்றி வடிப்பதும் நன்று.

பழைய ஆயில் எங்கே?

முன்பெல்லாம் தந்தையார் அதைக் கொல்லைப்புற வேலியோரம் ஊற்றுவார். பத்தடியில் எங்கள் கிணறு! பயன்படுத்திய ஆயிலை அபாயகரமான கழிவு என்றே 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வகைப்படுத்துகின்றன. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு நிலையத்துக்கே அது செல்லவேண்டும். இதைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. மறுமுறை ஆயில் மாற்றியபோது, பழையதை மூடியுள்ள கேனில் ஊற்றி, "இத எங்க குடுக்கணும்னு விசாரிச்சுட்டு வா" என்றார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனால் உதவும் என்பதே நான் கண்டது. நண்பர்களே, நீங்களும் கொண்டுபோய்ப் பாருங்கள்!