பூசைக்குப் போகிறோம்; அப்பம் வாங்கலாமா?

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் தோழியின் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கத்தோலிக்கக் குடும்பம். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். காலை 10 மணிக்குக் கோவிலில் திருப்பலி, 12.30-க்கு மண்டபத்தில் விருந்து என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுத்திரி ஏற்றியிருக்கிறோமே தவிர, ஒரு பூசையில் முழுதாக உட்கார்ந்ததில்லை. "தெரியாத இடத்தில் எதையாவது தப்பாகச் செய்வானேன், நேரே மண்டபத்துக்குப் போய்விடலாம்" என்கிறார் என் கணவர். மாமியாரும் வருகிறார். திருநீறு பூசாமல் வாசல்படி தாண்ட மாட்டார். முழங்கால் வலி வேறு. எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது நாங்கள் என்ன செய்வது? அப்பம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா? வாங்காவிட்டால் அவமரியாதை ஆகிவிடுமா? மொய்யை எங்கே கொடுப்பது?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கோவிலுக்கே போங்கள். கல்யாணம் அங்கேதான் நடக்கிறது. மண்டபத்தில் நடப்பது சாப்பாடும் போட்டோவும். குருவானவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகள் பார்த்திருக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் வாக்குறுதி சொல்கிறார்களே, திருச்சபையின் கணக்கில் அதுதான் திருமணம். தாலி கட்டுவதும் மோதிரம் மாற்றுவதும் அதற்கு அடுத்துத்தான். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று ஊரைக் கேட்டு இந்த நாளுக்கு வந்திருக்கிறார்கள். உங்கள் தோழி உங்களை அழைத்ததும் அந்த நேரத்துக்குத்தான்.

உங்கள் கேள்விகளில் கனமானது அப்பத்தைப் பற்றியது. அதை முதலில் முடித்துவிடுவோம். வாங்க வேண்டாம். வாங்காமல் இருப்பதுதான் மரியாதை.

உங்களுக்கு இது சங்கடமாக இருக்கும் என்று தெரியும். நம்மூர்க் கோவிலில் பிரசாதம் நீட்டினால் யாராக இருந்தாலும் கையேந்தி வாங்குவதுதான் வழக்கம். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டால் கொடுத்தவர் மனம் நோகும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை, பூசையிலும் தானாக நீளும். ஆனால் நற்கருணை பிரசாதம் அல்ல. பீடத்தில் குருவானவர் மன்றாடிய பிறகு அந்த அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே ஆகிவிடுகிறது என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். ஏதோ அடையாளத்துக்குச் சொல்வதாக அவர்கள் நினைப்பதில்லை. அதனால்தான் சில இடங்களில் பீடச் சிறுவன் வாங்குபவரின் தாடைக்குக் கீழே சிறு தட்டு பிடிக்கிறான், துணுக்கு ஒன்று கூடத் தரையில் விழக் கூடாதென்று. மிஞ்சியதைப் பூட்டிய பேழைக்குள் வைத்துப் பக்கத்தில் அணையா விளக்கு ஏற்றுவதும் அதனால்தான். அதை வாங்கும்போது சொல்லும் 'ஆமென்', "இதை நான் நம்புகிறேன், இந்தத் திருச்சபையில் நான் ஒருவன்" என்று ஒப்புக்கொள்வது. நம்பாத ஒன்றுக்கு மரியாதை நிமித்தம் ஆமென் சொல்லுங்கள் என்று உங்கள் தோழியே கேட்க மாட்டார். இது பிற மதத்தவருக்கு மட்டும் வைத்த வேலியும் அல்ல. உங்கள் அலுவலகத்திலிருந்து சி.எஸ்.ஐ. நண்பர் வந்தால் அவருக்கும் இதே பதில்தான்.

தனித்துத் தெரிவோமோ என்று கவலைப்பட வேண்டாம். கத்தோலிக்கரே பலர் எழுந்து போக மாட்டார்கள். பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவ அறிக்கை, செய்யாதவர் இருப்பார். பூசைக்கு முன்னால் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவரும் இருப்பார். வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் உணவு கூடாது என்பது சட்டம். யார் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கல்யாணப் பூசைகளில் பல குருக்கள், தகுந்த தயாரிப்போடு இருக்கும் கத்தோலிக்கர் மட்டும் வாருங்கள் என்று முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள். உங்கள் வரிசை எழும்போது காலைக் கொஞ்சம் ஒதுக்கி வழிவிடுங்கள், போதும்.

கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் போய் நின்றுவிட்டால்? பதற வேண்டாம். உங்கள் முறை வரும்போது இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து, "ஆசீர் மட்டும் ஃபாதர்" என்று மெல்லச் சொல்லுங்கள். அவருக்குப் புரியும். தெரியாமல் கையில் வாங்கியே விட்டீர்கள் என்றால், அங்கேயே அவரிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செய்யவே கூடாதது ஒன்று உண்டு: கைக்குட்டையில் மடித்து, வீட்டில் இருப்பவர்களுக்கு என்று எடுத்துப்போவது. நல்லெண்ணத்தில்தான் செய்வார்கள். ஆனால் பூசையைப் பாதியில் விட்டுவிட்டுக் குருவானவரே பின்னால் ஓடி வர வைக்கும் காரியம் அது.

மற்றதெல்லாம் இதோடு பார்த்தால் சின்ன விஷயங்கள். தப்பினாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாமியாரின் திருநீறு அப்படியே இருக்கட்டும். சாம்பல் புதனன்று கத்தோலிக்கரும் நெற்றியில் சாம்பல் வாங்குகிறவர்கள்தான். பொட்டும் பூவும் அங்கே வரும் பெண்கள் பலரிடமே இருக்கும். பொட்டு வைக்காத, நகை போடாத கிறிஸ்தவர்களைப் பார்த்துவிட்டு எல்லாச் சபையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அது பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றின் வழக்கம். முந்தானையால் முக்காடு போட்ட பெண்களைப் பார்த்து நீங்களும் போட வேண்டும் என்றில்லை. 1917-இன் திருச்சபைச் சட்டத்தில் அது கட்டாயமாக இருந்தது, 1983-இல் வந்த சட்டத்தில் அந்தப் பேச்சே இல்லை. பழக்கம் மட்டும் மிச்சம். கல்யாணத்துக்கு எந்தப் பட்டுச்சேலை கட்டுவீர்களோ அதைக் கட்டிக்கொண்டு போங்கள்.

செருப்பை வாசலில் பார்த்து முடிவு செய்யுங்கள். படிக்கட்டுப் பக்கம் செருப்புகள் குவிந்து கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். நகரத்துக் கோவில்கள் பலவற்றில் போட்டுக்கொண்டேதான் உள்ளே போவார்கள். வாசலில் ஒரு தொட்டியில் தீர்த்தம் இருக்கும். விரல் நுனியால் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். நீங்கள் தொட வேண்டும் என்றில்லை, தொட்டாலும் குற்றமில்லை. உள்ளங்கையில் எடுத்துக் குடிக்க மட்டும் வேண்டாம், அது துளசித் தீர்த்தம் இல்லை. உள்ளே போனதும் பீடத்தைப் பார்த்து ஒருமுறை கைகூப்பினால் அழகாக இருக்கும். முன்வரிசைகள் வீட்டாருக்கு. சில ஊர்களில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். உங்கள் கணவர் தனியாக உட்கார நேர்ந்தால் முன்னால் இருப்பவரைப் பார்த்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். அதுவே போதுமான வழிகாட்டி.

உள்ளே குத்துவிளக்கோ ஆரத்தியோ கண்ணில் பட்டால் நமக்காகச் செய்கிறார்களோ என்று நினைக்க வேண்டாம். இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி, செருப்பைக் கழற்றுவது, தரையில் அமர்வது, கைகூப்புவது, ஆரத்தி எடுப்பது உள்ளிட்ட பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969-இல் ரோம் ஒப்புதல் தந்தது. எல்லா ஊரிலும் எல்லாமும் நடைமுறைக்கு வரவில்லை. அதில் சண்டைகளும் இருந்தன. வழிபாடே தாய்மொழிக்கு வந்ததும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் குருவானவர் பீடத்தைப் பார்த்தபடி லத்தீனில் பூசை வைப்பார், சனம் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும். இன்று நீங்கள் கேட்கப்போவது முழுக்கத் தமிழ். பாட்டும் வாசகமும் உங்களுக்கும் புரியும்.

இனி முழங்கால். எல்லோரும் நிற்கும்போது நில்லுங்கள். அது சபை மரியாதை. குறிப்பாக நற்செய்தி வாசிக்கும்போது ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், வயதானவர்களையும் முடியாதவர்களையும் தவிர. முழங்காலில் இருப்பது அப்படியல்ல, அது ஆராதனை. அதை உங்களிடம் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அமைதியாக உட்கார்ந்திருந்தால் சரி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெஞ்சு போட்ட கோவிலாக இருந்தால், உங்களுக்குப் பின்னால் முழங்காலில் இருப்பவர் உங்கள் பெஞ்சின் முதுகுச் சட்டத்தில்தான் கைகளை ஊன்றிக்கொள்வார். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்தால் அவர் கைமேல் சாய்வீர்கள். கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து உட்காருங்கள். காலடியில் ஒரு நீளப் பலகை, சில இடங்களில் மெத்தை தைத்தது, இருக்கும், அது முழங்காலுக்கு. அதில் பாதத்தை வைக்காதீர்கள்.

மணி ஒலிக்க, குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் இரண்டு கையாலும் உயர்த்துவார். கைக்குழந்தையிலிருந்து பெரியவர் வரை கோவிலே அடங்கும் நேரம் அது. அந்த நேரத்தில் பேச்சு, நடமாட்டம், செல்போன் எதுவும் வேண்டாம். தாமதமாக வந்தாலும் வாசகமோ, இப்படி உயர்த்தும் எழுந்தேற்றமோ முடியும்வரை பின்னால் நின்றுவிட்டு, பாட்டு தொடங்கும்போது உள்ளே வாருங்கள். பீடத்தின் குறுக்கே நடப்பதையும் படியேறுவதையும் தவிருங்கள். இதை நான் விருந்தாளிகளுக்குச் சொல்வதைவிட, பீடத்தில் ஏறிக் குருவானவரின் முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பும் வீடியோக்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் பத்திரிகை வாங்கிப் படிப்பதில்லை.

நற்கருணைக்குச் சற்று முன்னால் எல்லோரும் திரும்பி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நம் பக்கம் பெரும்பாலும் கைகூப்பித்தான். முன்பின் தெரியாத அம்மா ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரித்துக் கும்பிடுவார். திருப்பிக் கும்பிடுங்கள். இதற்கு எந்த விசுவாசமும் தேவையில்லை. பூசையிலேயே உங்களுக்கும் முழுப் பங்கு உள்ள இடம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான்.

மொய்யை மண்டபத்தில் கொடுங்கள். கோவிலில் காணிக்கைப் பையோ தட்டோ வந்தால் அது கோவிலுக்கு. விருப்பமிருந்தால் போடலாம், இல்லையென்றால் அடுத்தவர் கைக்கு நகர்த்திவிடலாம். குருவானவருக்குத் தட்சிணை வைக்கும் வழக்கம் விருந்தாளிகளுக்கு இல்லை. அட்சதை எடுத்துப்போக வேண்டாம். தாலி கட்டியதும் கைதட்டினால் நீங்களும் தட்டுங்கள். பூசை முடிந்ததும் உடனே முன்னால் போய் வாழ்த்தவும் வேண்டாம். பெண்ணும் மாப்பிள்ளையும் சாட்சிகளும் மணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். சில சமயம் அது பீடத்தருகிலேயே நடக்கும், சில சமயம் உள்ளறையில். வெளியே வந்தபின் நிதானமாக வாழ்த்தலாம். குருவானவரைச் சந்தித்தால் "வணக்கம் ஃபாதர்" போதும். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் "சாமி" என்பார்கள். மாமியார் அப்படி அழைத்தால் அவர் மகிழ்ந்துதான் போவார்.

பூசையும் கல்யாணச் சடங்கும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் வரை போகலாம். மாமியாரைச் சுவரோரம், வரிசையின் உள் முனையில் உட்கார வையுங்கள். நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தால் நற்கருணைக்குப் போகிறவர்கள் வரும்போதெல்லாம் அந்த முழங்காலோடு எழுந்து எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். வீட்டில் சைவம் என்றால் தோழியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கடலோரக் கல்யாணம்; இலையில் பிரியாணி வர வாய்ப்பு அதிகம்.