வண்ண மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது?

ஜவ்வாது மலைத் தேனுக்குச் சந்தையில் ஒரு விலை. ஊர் தெரியாத தேனுக்கு வேறு விலை. இது நாம் அறிந்ததே. கடல் வண்ண மீன்களிலும் இதே கணக்குதான். மீன் தொட்டிக் கடை வைக்க எண்ணும் நம் பிள்ளைகள், முதல் போடும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பிடிக்கும் முறை. பிலிப்பைன்ஸ் கடலில் 1960களிலிருந்தே சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. பவளப்பாறையும் அதனால் கெடுகிறது. அப்படிப் பிடித்த மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பல மீன்கள் சில நாட்களில், சில வாரங்களில் செத்துப்போகும். வலையால் பிடித்த மீன் அதைவிட நன்றாகப் பிழைக்கும்.

இரண்டாவது, அந்தப் பகுதியின் சட்டம். ஹவாய்த் தீவுகளின் மஞ்சள் டாங் மீன் உலகெங்கும் விற்றது. மீன் பிடிக்கும் உரிமங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டம் பொருந்தும் என்று 2017இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரத்து சுருங்கியது, விலை ஏறியது.

நம் கரையிலும் சட்டம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்ந்த பகுதி 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே மீன் பிடிக்கக்கூடாது. கடல் குதிரை 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கி விற்றால் சிறை செல்ல நேரிடும்.

மூன்றாவது, கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா? மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளது. இத்தகைய குஞ்சுகள் தொட்டிக்கும் தீவனத்துக்கும் பழகியவை.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். 400 ரூபாய் வீதம் பத்து மீன் வாங்கி ஆறு செத்தால், மிஞ்சிய ஒவ்வொன்றும் நமக்கு 1,000 ரூபாய். 700 ரூபாய் வீதம் பத்து வாங்கி ஒன்று மட்டும் செத்தால், ஒவ்வொன்றும் சுமார் 778 ரூபாய்தான். மலிவு எது என்று இப்போது புரியும்.

ஆகவே மொத்த வியாபாரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கடல்? எப்படிப் பிடித்தது? வந்து எத்தனை நாள் ஆனது? கண்முன்னே தீவனம் போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீனை வாங்க வேண்டாம். உங்களிடம் வாங்குபவருக்கும் இதே விவரங்களை மறைக்காமல் சொல்லுங்கள்.