புதிதாய் வந்த காவல் நாயின் வயிற்றோட்டமும் அதற்கேற்ற உணவும்

காட்டோரத்தில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கு ஒரு நல்ல நாய் எத்துணை உதவி என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மரவள்ளியையும் வற்றாளையையும் கிண்டும் காட்டுப்பன்றி, கிழங்கைக் கறிக்கும் முள்ளம்பன்றி, பூசினிப் பிஞ்சைக் கடித்தெறியும் குரங்கு ஆகியவை வரும்போது முதலிற் குரல் கொடுப்பது அதுவேயாகும். ஆயினும் இந்த நாயைப் பலர் குட்டியிலிருந்து வளர்ப்பதில்லை. உறவினர் வீட்டிலிருந்தோ, ஊர் மாறிச் செல்லும் அயலவரிடமிருந்தோ, சில வேளை தெருவிலிருந்தோ அது வளர்ந்த நாயாகவே வந்து சேர்கின்றது. வந்த இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றோட்டம் தொடங்குகின்றது. இரண்டு கிழமையில் நாய் எலும்புந் தோலுமாகின்றது. வீட்டாரும் மனஞ் சலித்து, “இது எங்களுக்கு ஒத்துவராத நாய்” எனக் கூறி அதைச் சந்தியிற் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர்.

பெரும்பாலான வேளைகளில் நாயிற் பழுதில்லை. அதன் குடல் புதிய உணவுக்குப் பழகவில்லை, அல்லது குடலிற் புழு இருக்கின்றது. சில வேளை இரண்டும் சேர்ந்திருக்கும். இவை இரண்டும் திருத்தக் கூடியவையே. உணவைத் தெரியும்போது அது எவ்வளவு சத்துள்ளது என்பதிலும், அது ஒன்றாக இருக்கின்றதா, மாறாமற் கொடுக்கப்படுகின்றதா என்பதே முதலிற் பார்க்க வேண்டியதாகும்.

வயிறு ஏன் குழம்புகின்றது

வைக்கோல் தின்று பழகிய மாட்டைத் திடீரென இளம்புல்லில் மேயவிட்டால் அது கழியும் என்பது நீங்கள் அறிந்ததே. நாயின் வயிறு மாட்டின் வயிற்றைப் போன்றதன்று. எனினும் அதன் குடலிலும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை வழக்கமாகக் கிடைக்கும் உணவுக்கேற்ப அமைந்திருக்கின்றன. சோறும் மீனும் உண்டு வளர்ந்த நாய்க்கு ஒரே நாளிற் பாணும் பாலும் கொடுத்தால் அந்த ஒழுங்கு குலைந்து, சமிபாடடையாத உணவு குடலில் நீரை இழுத்துக் கழிச்சலாக வெளியேறும். இடமாற்றத்தினால் உண்டாகும் அச்சமும் இதனோடு சேரும். புது வீடு, புது மனிதர், கழுத்திற் சங்கிலி ஆகியவை பெருங்குடலைக் கலக்கும். சிறிது சிறிதாகப் பல முறை, சளி கலந்து மலங்கழிப்பது இதன் அடையாளமாகும்.

மிளகாய்த் தோட்டம் ஒன்றில் நான் கண்டதைக் கூறுகின்றேன். அங்கு வந்த நாய்க்குத் திங்களன்று பாணும் பாலும் கொடுத்தார்கள். கழிந்தது. பால் ஒத்துவரவில்லையென்று செவ்வாயன்று மீன்குழம்புச் சோறு, புதனன்று கோழித்தோல், அடுத்த நாள் கடை விசுக்கோத்து. வீட்டுப் பாட்டி இரங்கித் தேங்காய்ப்பாற் கஞ்சியும் வைத்தார். ஒவ்வொரு மாற்றமும் நாயின் நன்மைக்கென்றே செய்யப்பட்டது; ஒவ்வொரு மாற்றமும் கழிச்சலை மேலும் ஒரு நாள் நீட்டியது. அந்த நாய்க்கு நோயினும் அன்பே அதிக தொல்லையாயிற்று எனலாம். மாற்றங்களை நிறுத்தி ஒரே வகைக் கஞ்சியை வைத்தபோது ஐந்து நாட்களில் மலம் இறுகியது.

உணவு வைப்பதற்கு முன்

சில வேளைகளில் உணவைப் பற்றிச் சிந்திப்பதற்கு நேரமில்லை. மலத்தில் இரத்தம் மிகுந்து துர்நாற்றத்துடன் கழிந்தாலும், தொடர்ந்து வாந்தியெடுத்தாலும், குடித்த நீரும் தங்காவிட்டாலும், ஈறு வெளிறியிருந்தாலும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியாயின் ஒரு நாளேனும் பொறுத்திருத்தல் தகாது. 1978 இல் உலகின் பல பாகங்களிலும் தோன்றிப் பரவிய பார்வோ வைரசு நோய் தடுப்பூசி பெறாத குட்டியைச் சில நாட்களிற் கொன்றுவிடும். கழுத்துத் தோலை விரலாற் கிள்ளி உயர்த்தி விட்டுப் பாருங்கள். அது உடனே படியாது மெல்லத் தாழ்ந்தால் உடலில் நீர் குறைந்துவிட்டது என்பது பொருள்.

வயலில் வாழும் நாய்க்கு மற்றுமொரு ஆபத்துண்டு. வாயில் எச்சில் வழிய, உடல் நடுங்க, கண்மணி சுருங்கிக் கழியுமாயின் அது பீடைநாசினி நஞ்சாக இருக்கலாம். தெளிகருவி கழுவிய நீரை நாய் குடித்திருக்கும், அல்லது எலிக்கு வைத்த இரையைத் தின்றிருக்கும். அப்போது கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் விரைந்து செல்லுங்கள்.

எங்கிருந்து வந்ததென்று தெரியாத நாய் விழுங்க முடியாமல் எச்சில் வடித்தாலோ, அதன் நடத்தை மாறியிருந்தாலோ அதன் வாய்க்குள் கையை வைத்து உணவு ஊட்டவே கூடாது. அது விசர்நோயாக இருக்கலாம். கடித்தாலும், நகத்தாற் கீறினாலும், புண்ணில் எச்சில் பட்டாலும் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடங் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். இதிற் சற்றும் தாமதம் வேண்டாம்.

மனிதருக்குரிய வயிற்றோட்ட மாத்திரைகளையும் பரசிட்டமோலையும் நாய்க்குக் கொடாதீர்கள்.

முதல் ஐந்து நாட்களுக்குரிய உணவு

மேற்கூறிய அறிகுறிகள் எவையுமின்றி, நாய் உற்சாகமாக இருந்து மலம் மட்டும் இளகியிருந்தால் வீட்டு உணவே போதுமானது. முன்னர் ஒரு முழு நாள் பட்டினி போடுவது வழக்கம். இக்காலத்தில் அவ்வளவு நீண்ட பட்டினியை மிருக வைத்தியர்கள் பொதுவாக விரும்புவதில்லை. குடலின் உட்சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அதற்கும் உணவு வேண்டும். ஆகையால் ஒரு வேளை உணவை மட்டும் தவிர்த்துப் பின்னர் சிறிது சிறிதாகத் தொடங்குதல் நன்று. சுத்தமான நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும். மருந்துக்கடையிற் கிடைக்கும் ஜீவனித் தூளைப் பொதியிற் குறித்த அளவு நீரிற் கரைத்து வேறொரு பாத்திரத்தில் வைக்கலாம். குடித்தால் நல்லது, குடியாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

உணவு இதுதான்: நன்றாகக் குழைய வெந்த வெள்ளையரிசிச் சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழியிறைச்சி அல்லது முள்நீக்கிய மீன் ஒரு பங்கு. தவிடு நீங்காத குத்தரிசி எங்களுக்கு நல்லதாயினும், கழியும் குடலுக்கு அதன் நார் பாரமாகும். சுகமான பின் அதைக் கொடுக்கலாம். மீனாயின் கொழுப்பு மிகுந்த சாளையிலும் பார்க்க வெண்தசை மீனே ஏற்றது. உப்பு, மிளகாய்த்தூள், புளி, எண்ணெய், தேங்காய்ப்பால் ஒன்றும் சேர்த்தல் கூடாது. சட்டியில் மிஞ்சிய குழம்பை வாசனைக்காக ஊற்றுவதும் கூடாது. அவித்து மசித்த பூசினிக்காய் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் மலம் திரள உதவும். எமது தோட்டத்திலேயே விளையும் இந்த எளிய பொருளைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அளவைக் கவனியுங்கள். 15 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு முதல் நாள் மொத்தம் 400 கிராம் சமைத்த உணவு போதும். அதை நூறு நூறு கிராமாக நான்கு வேளையிற் கொடுங்கள். நாய் இன்னும் கேட்கும், கேட்பதற்காகக் கொடாதீர்கள். மலம் இறுகத் தொடங்கியதும் நாள்தோறும் சிறிது கூட்டி, ஐந்தாம் நாளளவில் 600 கிராமுக்குக் கொண்டுவரலாம். உணவு நல்லதோ என்பதை நாய் விரைந்து உண்பதைக் கொண்டு தீர்மானித்தல் ஆகாது. மறுநாள் மலத்தைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். வீட்டிலுள்ள ஒருவர் மட்டும் உணவு வைப்பதும், என்ன வைத்தோம், எப்படிக் கழிந்தது என நாட்காட்டியில் ஒரு வரி குறிப்பதும் மிகப் பயன் தரும். பிள்ளைகளிடம் இப்பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் நம்மிலும் ஒழுங்காகச் செய்வர்.

இரண்டு நாட்களில் யாதொரு மாற்றமும் காணாவிட்டால் மேலும் உணவை மாற்றிப் பார்க்காமல் வைத்தியரை நாடுங்கள்.

வழக்கமான உணவுக்கு மாறுதல்

சோறும் கோழியும் மட்டும் மாதக்கணக்காக வைத்தல் பிழை. அதிற் கல்சியம் போதாது. வேறு சில சத்துக்களும் குறைவு. மலம் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக இருந்த பின், நீங்கள் தொடர்ந்து கொடுக்க எண்ணும் உணவுக்கு மெல்ல மாறுங்கள். முதலிரு நாள் புதியது காற்பங்கு, அடுத்த இரு நாள் அரைப்பங்கு, பின்னிரு நாள் முக்காற்பங்கு, ஏழாம் நாள் முழுவதும் என்ற கணக்கு பொதுவாகச் சரிவரும். இடையில் மலம் இளகினால் முன்னைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். நாயைக் கொடுத்தவரிடம் அது முன்பு என்ன உண்டது என்று முதலிலேயே கேட்டு அறிந்திருந்தால், பாதி வேலை முடிந்ததாகும்.

வீட்டிற் சமைத்துக் கொடுப்போர் சோறு, மீன் அல்லது முட்டை, அவித்த மரக்கறி என்பவற்றோடு, நன்கு அவித்துக் காயவைத்து மாவாக அரைத்த முட்டைக்கோது அரைத் தேக்கரண்டியை 15 கிலோகிராம் நாய்க்கு நாளொன்றுக்குச் சேர்க்கலாம். கிழமைக்கு ஒரு முறை சிறு துண்டு ஈரலும் நன்று. கடையில் விற்கும் நாயுணவை வாங்குவோர் ஒரே வகையைத் தொடர்ந்து வாங்குதல் வேண்டும். கடைக்காரர் இருப்பதைத் தருவார், நாயின் குடல் அதை ஏற்காது.

மிகவும் கவனமாக மாற்றிய பின்னும் ஒரு குறித்த உணவில் மீண்டும் மீண்டும் கழிந்தால், அவ்வுணவின் புரதம் ஒவ்வாதிருக்கலாம். கோழி கொடுத்தவர் அதை முற்றாக நிறுத்தி மீன் மட்டும் இரண்டு மூன்று கிழமை கொடுத்துப் பார்க்கலாம். அக்காலத்தில் மிச்சக் கறி ஒரு துண்டு கொடுத்தாலும் சோதனை பயனற்றதாகும்.

வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாற்சீனியைச் சமிபாடடையச் செய்யும் ஆற்றல் குறைவு. எனவே பால் வேண்டாம். அவித்த கோழியெலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயச் செய்கைக்காரர் இதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்: வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும், கறியில் வெந்த வெங்காயமும் அத்தகையதே. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு, சோளம் ஆகியவற்றை “நாய்க்குத்தானே” என்று வைப்போர் உளர். அவற்றில் உண்டாகும் அப்லாநச்சு நாயின் ஈரலைக் கெடுக்கும். இந்நஞ்சு நாயை மிக எளிதிற் பாதிக்கும். அத்தகைய தீனை மாட்டுக்கும் கோழிக்கும் வைத்தலும் ஆகாது.

புழு

உணவு எவ்வளவு சரியாயினும் கொக்கிப்புழு இருக்கும்வரை வயிறு முற்றாகத் திருந்தாது. இப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். அதனால் ஈறு வெளிறும், மலம் கருமையாகும். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேகவுண்ட் நாய்களை வீடுகளில் ஏற்று வளர்க்கும் நாடுகளிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவில் அந்நாய்களிடம் பல மருந்துகளுக்கும் அடங்காத கொக்கிப்புழு காணப்பட்டுள்ளது. மருந்து கொடுத்தோம், முடிந்தது என்று எண்ணுதல் ஆகாது என்பதற்கு இது சான்று. தசையில் மறைந்திருக்கும் இளம்புழுக்கள் பின்னர் குடலுக்கு வருமாதலால், இரண்டு மூன்று கிழமையில் மீண்டும் மருந்து கொடுத்து மலத்தைப் பரிசோதித்தல் வேண்டும். மருந்தின் அளவை நாயின் நிறையைக் கொண்டு வைத்தியரே குறிப்பார். (கிரேகவுண்ட் போன்ற ஒட்டிய வயிற்று வேட்டைநாய்க் கலப்பாயின், கடைசி விலா எலும்புகள் சிறிது தெரிவது இயல்பே; பசியென்று கருதி அள்ளி வைக்க வேண்டாம்.)

கொக்கிப்புழு வீட்டாரின் காலுக்கும் வரும். இதன் ஓரினத்துக்கு இலங்கையின் பெயரே இடப்பட்டுள்ளது. 1911 இல் விபரிக்கப்பட்ட அங்கைலொசுற்றோமா சிலானிக்கம் எனும் அப்புழு நாயின் குடலில் மட்டுமன்றி மனிதர் குடலிலும் வளரும். நாயின் மலத்திலுள்ள முட்டைகள் ஈரமண்ணிற் பொரித்து, ஏறத்தாழ ஒரு கிழமையில் தோலைத் துளைக்கும் இளம்புழுக்களாகின்றன. வெறுங்காலுடன் கீரைப் பாத்தியில் நிற்பவர் அதற்கு எளிதான இரை. எனவே நாயின் மலத்தை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளி, பாத்திக்கும் கிணற்றுக்கும் தூரத்தில் ஆழப் புதையுங்கள். கூட்டெருக் குழியில் அதைச் சேர்க்க வேண்டாம். நாயைக் கட்டும் இடம் வெயில் படுவதாயும் நீர் தேங்காததாயும் இருக்கட்டும்; நிழலுக்கு ஒரு பக்கம் கிடுகு மறைப்புப் போதும்.

மலப் பரிசோதனைக்குச் செல்வோர் அன்று காலை கழித்த மலத்தில் ஒரு நெல்லிக்காயளவை, மண் படாத நடுப்பகுதியிலிருந்து எடுத்து மூடியுள்ள சுத்தமான போத்தலிலிட்டு, வெயில் படாமல், முற்பகலிலேயே அரச மிருக வைத்திய அலுவலகத்திற் கொடுத்தல் வேண்டும். நாட்காட்டியிற் குறித்த உணவு விபரத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றியதற்கான அட்டை இல்லையாயின் அதனையும் அன்றே கூறுங்கள். நாயின் நிலையைப் பார்த்து, ஊசி ஏற்றுதற்குரிய நாளை வைத்தியர் குறித்துத் தருவார்.