கணிப்பொறி வலையும் அதன் காவலும்

தாம்பரத்தினின்று தெற்கு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் அமர்ந்திருப்போர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்னும் நிலையங்களைக் கடந்தவுடன் மறைமலை நகர் என்னும் பெயர்ப்பலகையைக் காண்பர். தமிழ் பயிலும் எமக்கு அப்பெயர் காணுந்தோறும் உவகை தருவது. மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே தமிழாசிரியராய் விளங்கியவர். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர். 1980ஆம் ஆண்டளவில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த புதுநகர் அவர் பெயரைப் பூண்டு நிற்கின்றது. ஆயினும் அந்நகரின் தொழிற்சாலைகளுள் தனித்தமிழ் கேட்டல் அரிது. ரூட்டர், சுவிட்ச், சர்வர், கேபிள் என்பனவே ஆங்கு வழங்குஞ் சொற்கள். அடிகளார் பொறுத்தருள்வாராக, இக்கட்டுரையிலும் அச்சொற்களையே யாம் ஆள்கின்றோம். தொழிலாளர் நாவில் இல்லாத சொல்லைப் புதிதாகப் படைத்து நண்பர்களை மயக்குதல் எமக்கு உடன்பாடன்று.

மறைமலை நகருக்கு அடுத்த நிலையம் சிங்கப்பெருமாள் கோயில். அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை ஒரகடத்தின் வழியாகத் திருப்பெரும்புதூரைச் சென்று சேர்கின்றது. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும், அவற்றிற்கு வேண்டும் உறுப்புகளும் அச்சாலையை அடுத்த நிலங்களிலே செய்யப்படுகின்றன. புறத்தே காண்பார்க்கு இரும்பும் ரப்பரும் பெயிண்டுமே புலனாகும். அகத்தே நிகழ்வது வேறு. எந்த உறுப்பு எந்த வண்டியிற் பொருத்தப்பட்டது என்பதைப் பார்கோடு படிக்கும் கருவி படித்துச் சர்வருக்கு அனுப்புகின்றது. ரோபோவுக்கு ஆணை ஒரு கம்பி வழியே வருகின்றது. வாயிலில் அட்டை படிக்கும் கருவி, காமிரா, எடை மேடை, பிரிண்டர் ஆகிய யாவும் சுவிட்ச் என்னும் பெட்டிகளிலே பிணைக்கப்பட்டு ஒரே வலையாய் இயங்குகின்றன. ஒரு பெரிய ஆலையில் இத்தகைய கருவிகள் ஆயிரத்திற்கும் மேற்படலாம். இவற்றுள் ஒன்று நள்ளிரவிலே ஓசையின்றி நின்றுவிட்டால் அதனை அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே வலையைக் கண்காணிக்கும் மென்பொருள். அதன் இயல்பைச் சிறிது ஆராய்வாம்.

காவலின் முதற்படி கூப்பிட்டுப் பார்த்தல். 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க இராணுவ ஆராய்ச்சிக் கூடமொன்றிற் பணியாற்றிய மைக் மூஸ் என்பார் ஒரு மாலைப்பொழுதிலே, ஏறத்தாழ ஆயிரம் வரியில், 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவோர் நீருக்குள் ஒலியை விட்டு எதிரொலியைக் கேட்பர். அவ்வொலியின் பெயரே நிரலுக்கும் ஆயிற்று. ஒரு கணிப்பொறி மற்றொன்றை நோக்கி 'உளையோ?' என வினவ, அஃது 'உளேன்' என விடை தரும். விடை மீள எத்துணை நேரமாயிற்று என்பதும் தெரியவரும். இன்றளவும் வலை பழுதுபட்டால் வல்லுநர் முதற்கண் கையிலெடுப்பது இதனையே.

எனினும், கூப்பிட்டால் 'ஏன்?' என்று கேட்கும் நோயாளி நலமாக உள்ளார் என்று கொள்ளுதல் கூடுமோ? நாடியையும் பார்த்தல் வேண்டும். அதற்கென 1988இல் கேஸ், பெடர், ஷாப்ஸ்டால், டேவின் என்னும் நால்வர் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறையை வகுத்தனர். 'எளிய' என்னும் அடைமொழி அதன் பெயரிலேயே உண்டு. சர்வதேச அமைப்புகள் விரிவான வேறொரு முறையை ஆக்கிக்கொண்டிருந்தமையால், அது வருமளவும் பயன்படட்டும் என்றே இதனைக் கைக்கொண்டனர். விரிவானது வழக்கில் நிலைபெறவில்லை. இடைக்காலத்திற்கென வந்த எளியதோ நிலைத்துவிட்டது.

இம்முறையிலே ஒவ்வொரு கருவியின் உள்ளும் முகவர் என்னும் சிறு நிரல் ஒன்று அமர்ந்திருக்கும். நடுவிடத்திலே மேலாளர் என்னும் பெருநிரல் இருக்கும். மேலாளர் கேட்பார், முகவர் விடை கூறுவார். எதனைக் கேட்பது என்பதற்கு ஒரு மரம்போன்ற அட்டவணை உண்டு. அதன் கிளைகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கின்றனர். தொல்காப்பியத்தை மூன்று அதிகாரமாகவும், அதிகாரம் ஒவ்வொன்றையும் ஒன்பது இயலாகவும் பகுத்திருத்தலால், அதிகாரம், இயல், நூற்பா என எண்களை மட்டும் கூறினும் தமிழ் மாணவன் உரிய இடத்தைத் திறந்து காட்டுவான் அன்றோ? அவ்வாறே 1.3.6.1.2.1.1.5 எனின் கருவியின் பெயர். ஈற்றெண் 6 ஆயின் அஃது இருக்குமிடம். 3 ஆயின் அஃது இடையறாது இயங்கிவந்த காலம். இருக்குமிடம் என்பது ஒரு மனிதன் தட்டெழுதி வைத்த சொல்லே. பெட்டியை வேறிடத்திற்கு மாற்றியவன் அதனைத் திருத்தாது விட்டால், முகவர் பழைய இடத்தையே சாதித்துக் கூறிக்கொண்டிருப்பார்.

எண்களிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. இயங்கிய காலத்தை நொடியின் நூற்றிலொரு கூறாக எண்ணுவர். அவ்வெண்ணை வைத்தற்குரிய இடம் 32 இருமக் கூறுகளே. 4,294,967,295 வரை எண்ணியபின் அது மீண்டும் சுழியத்திற்கு வந்துவிடும். கணக்கிட்டால் ஏறத்தாழ 497 நாள் ஆகின்றது. ஓராண்டுக்கு மேல் ஒருமுறையும் நில்லாது உழைத்த நற்கருவி ஒன்றைப் பார்த்து, அறியாத காவலன் 'நேற்றிரவு நின்று மீண்டும் எழுந்தது' என்று பிழைபடக் கருதுவான். கம்பியிற் செல்லும் பைட்டுகளின் கணக்கோ இன்னும் விரைவிற் சுழலும். நொடிக்கு 100 கோடி இருமக் கூறு செல்லும் கம்பி நிறைந்தோடினால் 34 நொடியிலேயே கணக்குச் சுழியத்தை அடைந்துவிடும். ஐந்து நிமிடத்திற்கொருமுறை வந்து கேட்கும் மேலாளருக்கு இடையில் எத்தனை சுற்று நிகழ்ந்தது என்பது தெரியாது. இது பற்றியே பின்னர் 64 கூறு கொண்ட எண்களை அமைத்தனர்.

கேட்டபின் கூறுவதேயன்றி, இன்னல் நேர்ந்தவுடன் முகவர் தாமே அறிவித்தலும் உண்டு. இஃது இருந்தால் அது வேண்டா எனச் சிலர் நினைப்பர். வலையே அறுந்துகிடக்கையில் 'வலை அறுந்தது' என்னும் செய்தி எவ்வழியே வரும்? ஆதலின் இரண்டும் வேண்டும்.

இக்கருவிகள் எல்லாம் கடல்கடந்து வந்தன என்று நண்பர்கள் எண்ணுதல் வேண்டா. மேற்கூறிய தொடர்வண்டிப் பாதையிலேயே, கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் சோகோ நிறுவனத்தின் வளாகம் இருக்கின்றது. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரால் அதனைத் தொடங்கினர். தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் சரக்கு எஸ்.என்.எம்.பி. தொடர்பான நிரல்களே. ரூட்டரும் சுவிட்சும் செய்யும் நிறுவனங்கள் அவற்றை வாங்கின. 2001ஆம் ஆண்டையொட்டி அத்துறை சரிந்தபோது அவ்வாடிக்கையாளர் பலர் மறைந்தனர். அதன்பின், வலையை வைத்து ஆள்வோருக்கே நேரே விற்பதென்று 2002இல் மேனேஜ்என்ஜின் என்னும் பிரிவை அமைத்தனர். ஆப்மேனேஜர் என்னும் கண்காணிப்பு மென்பொருள் அதனைச் சேர்ந்தது. 2009இலேதான் நிறுவனத்திற்குச் சோகோ என்னும் பெயர் வந்தது. கணக்கும் கடிதமும் எழுதும் மென்பொருளால் இன்று பலரும் அறிந்த அந்நிறுவனத்தின் வேர் வலைக்காவலில் இருத்தலை அறிந்தோர் சிலரே.

இனி, இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுவாம். எம் தமையனார் ஒரகடத்தை அடுத்த ஒரு தொழிற்சாலையிலே வலைக்காவற் பணி புரிகின்றார். தொழிற்சாலையின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. ஒருநாட் காலை ஆறு மணிக்கு அங்கே ஒரு குறை வெளிப்பட்டது. பார்கோடு படிக்கும் ஒரு மேடையிலிருந்து இரவெல்லாம் வரவேண்டிய பதிவுகள் பாதியில் நின்றிருந்தன. எந்தப் பிரேக் உறுப்பு எந்த வண்டியிற் சென்றது என்பது தெரியாமையின், அவ்விரவு முடிந்த வண்டிகள் அனைத்தையும் மீளத் திறந்து பார்க்கவேண்டியதாயிற்று. மேலதிகாரிகள் சுவிட்சின் பதிவேட்டைப் பார்த்தனர். அம்மேடையின் கேபிள் 20:44க்குக் கழன்றதாக அதிற் கண்டிருந்தது. அவ்வேளையில் அம்மேடையில் நின்றவன் இரண்டாம் ஷிப்டைச் சேர்ந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவன், எம் வயதினன். அவன் ஷிப்டு நள்ளிரவோடு முடிந்து, கம்பெனிப் பேருந்திலேறி அறைக்குச் சென்று உறங்கிக்கொண்டிருந்தான். அவனை அழைப்பித்து, வாயிலிலேயே நிறுத்தி, கேட் பாஸைத் திரும்பப் பெறுவதென முடிவாயிற்று. அவன் "நான் தொடவில்லை, சார்" என்பதைத் தவிர வேறொன்றும் கூற அறியாதவனாய் நின்றான். பொறி எழுதிய சான்றுக்கு எதிரே அவன் சொல் எம்மாத்திரம்?

எம் தமையனார் அப்பொழுது சர்வரைத் திறந்து, அம்மேடையிலிருந்து வந்த கடைசிப் பதிவைப் பார்த்தார். அது பின்னிரவு 2:13க்கு வந்திருந்தது. 20:44க்குக் கேபிள் கழன்றிருப்பின், அதன்பின் ஐந்தரை மணி நேரம் பதிவுகள் எவ்வாறு வந்தன? சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டுவது. சுவிட்சோ வாங்கிய நாளிலிருந்து கிரீனிச்சு நேரத்திலேயே இருந்தது. எவரும் அதனை மாற்றவில்லை. 20:44உடன் ஐந்தரை மணியைக் கூட்டினால் 2:14. அவ்வேளையில் தரையைக் கூட்டும் வண்டியின் சக்கரம் கேபிளை இழுத்திருந்தது. தமையனார் இதனைத் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே கேட் பாஸ் அவன் கைக்கு மீண்டது. "தம்பி, அந்தக் கடிகாரம் எந்த ஊர் நேரம் காட்டுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையடா" என்று அன்று மாலை எம்மிடம் கூறினார். அவர் குரலிலே வெற்றி இல்லை; நடுக்கமே இருந்தது. ஏனெனின், 2:14க்கே எச்சரிக்கை எழாததன் காரணத்தையும் அவர் கண்டிருந்தார். அம்மேடை முந்திய திங்களிற் புதிதாக அமைந்தது. கண்காணிக்க வேண்டிய கருவிகளின் பட்டியலில் அது சேர்க்கப்படவே இல்லை. பட்டியலில் இல்லாத கருவி மேலாளரின் திரையில் சிவப்பாகவும் தோன்றாது, பச்சையாகவும் தோன்றாது.

யாம் கருதுவது இது: வலைக்காவலின் உயிர்நிலை திரையும் வரைபடமும் அல்ல, 'நம்மிடம் என்னென்ன உள்ளன' என்னும் மெய்யான பட்டியலே. இதற்கு ஒரகடமே பெரியதொரு சான்றும் தந்துள்ளது. 2017 மே 12இல் வான்னகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கணிப்பொறிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. ஒரகடத்திலுள்ள ரெனால்ட் நிசான் கூட்டுத் தொழிற்சாலையின் வேலையும் அதனாற் பாதிக்கப்பட்டது. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சு 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இடையே 59 நாள் இருந்தன. ஆயினும் உலகில் எத்தனையோ இடங்களில் அத்திருத்தம் சென்று சேரவில்லை. தொழிற்சாலைக் கணிப்பொறிகளை நினைத்தவாறு நிறுத்தித் திருத்துதல் எளிதன்று என்பது மெய்யே. எனினும் எவையெவை திருத்தம் பெறாதன என்பதையேனும் அறிந்தவன், அவற்றை வலையின் மற்றைப் பகுதியினின்று பிரித்து வைத்தல் கூடும். அறியாதவனுக்கு அதுவும் இயலாது.

காவலனே கள்வனாகும் இடமும் உண்டு. எஸ்.என்.எம்.பி.யின் தொடக்க வடிவங்களிலே மேலாளரை முகவர் அடையாளம் காண்பது ஒரு கடவுச்சொல்லால். பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்றே அமைந்து வந்தது. அச்சொல்லும் மறைப்பின்றி வெளிப்படையாகவே கம்பியிற் செல்லும். கதவைப் பூட்டித் திறவுகோலைக் கதவிலேயே தொங்கவிட்டாற் போன்றது இது. 2002இல் நிறைவுற்ற மூன்றாம் வடிவம் மறைமொழியாக்கத்தைத் தந்தும், பழைய வடிவமே இன்றும் பலவிடத்து வழங்குகின்றது. இதனினும் கொடியது 2020இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தார் விற்கும் ஓரியன் என்னும் கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பதிப்பிலேயே பகைவர் தம் நிரலை ஒளித்துவிட்டனர். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர் அதனைப் பெற்றனர். அவருள் அமெரிக்க அரசின் துறைகளும் இருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் இது வெளிப்பட்டபோது பகைவர் பல திங்களாக உள்ளே இருந்தனர். எல்லாக் கருவியையும் காணவும் ஆளவும் உரிமை பெற்ற மென்பொருள் அன்றோ? அதனைப் பிடித்தவர்க்கு வேறு எதனையும் பிடிக்க வேண்டுவதில்லை.

எம் தமையனார் இப்பொழுது சுவிட்சுகள் அனைத்தையும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளுமாறு அமைத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் மென்பொருள் தரும் பட்டியலை அச்சிட்டெடுத்து, பென்சிலும் கையுமாய் ஆலையின் ஒவ்வொரு கூடத்திற்கும் நடந்து செல்கின்றார். பெட்டியைக் கண்ணாற் கண்டபின்னரே பட்டியலிற் குறியிடுகின்றார். சென்ற முறை மூன்று பெட்டிகள் கூடுதலாய் இருந்தனவாம். அவற்றுள் ஒன்றை அங்கே வைத்தவர் இன்னாரென்பது இன்னும் தெரியவில்லை.