க.நா.சு.வின் திறனாய்வு அளவுகோலும் சாத்தனூர்ப் புதினங்களும்

முன்னுரை
தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்த வலங்கைமானில் 1912இல் பிறந்து 1988இல் தில்லியில் மறைந்த க.நா.சுப்ரமண்யம், புதின ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ‘மயன்’ என்னும் பெயரில் எழுதிய கவிஞர், இதழாசிரியர், திறனாய்வாளர் எனப் பல நிலைகளில் இயங்கியவர். ‘இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்’ என்னும் நூலுக்காக 1986இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருடைய திறனாய்வு காரணம் கூறாத பட்டியல் என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. அவருடைய படைப்புகளையும் மொழிபெயர்ப்புகளையும் துணைகொண்டு அக்குற்றச்சாட்டை மீளாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு தரப்பு மறுப்புகள்
க.நா.சு. தேர்ந்த வாசகனின் சுவையுணர்வையே இறுதி அளவாகக் கொண்டார். சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் பனுவலைக் கூறு கூறாகப் பிரித்து நோக்கும் அலசல் முறையை வலியுறுத்தினார். க.கைலாசபதி முதலிய மார்க்சியத் திறனாய்வாளர்கள் சுவையுணர்வுக்கும் சமூக அடிப்படை உண்டு என வாதிட்டனர். முன்னது முறையியல் பற்றிய மறுப்பு. பின்னது கருத்தியல் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் பொருந்தாது.

மொழிபெயர்ப்பு என்னும் சான்று
கட்டுரைகளில் விரித்துரைக்காத காரணங்களை க.நா.சு. மொழிபெயர்ப்புகளின் வழி முன்வைத்தார் எனக் கருத இடமுண்டு. நட் ஹாம்சனின் ‘நிலவளம்’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, பேர் லாகர்குவிஸ்டின் ‘அன்பு வழி’ ஆகிய மூன்றும் ஆங்கிலம் வழியே தமிழுக்கு வந்த ஸ்காண்டிநேவியப் புதினங்கள். பெருநகர இலக்கியமே உலக இலக்கியம் என்னும் எண்ணத்தை இத்தெரிவு மறுக்கிறது. ஐரோப்பாவின் வட கோடியில் தரிசைத் திருத்தும் உழவன் ஒருவனின் வாழ்வு உலக இலக்கியமாகுமெனில், காவிரிக்கரைச் சிற்றூரும் ஆகும் என்பதே அதன் உட்கிடை.

சாத்தனூர்
இவ்வளவுகோலுக்கு க.நா.சு. தம் புதினங்களையே உட்படுத்தினார். ‘ஒரு நாள்’ புதினத்தில் உலகம் சுற்றித் திரும்பும் மேஜர் மூர்த்தி, சாத்தனூர்ச் சர்வமானிய அக்கிரகாரத்தின் ஒரு நாள் வாழ்வை எதிர்கொள்கிறான். 1946இல் வெளிவந்த ‘பொய்த்தேவு’ அக்கிரகாரத்தைக் கடந்து மேட்டுத் தெருவுக்குச் செல்கிறது. அங்கு வறுமையில் பிறந்த சோமு, வணிகத்தால் சோமு முதலியாராக உயர்ந்து, இறுதியில் அனைத்தையும் துறந்து பண்டாரமாகிறான்.

ஹாம்சனின் உழவனுக்கு மண்ணே பற்றுக்கோடு. சோமுவோ நெல் விளையும் நாட்டில் பிறந்தும் உழவன் ஆகவில்லை. கடையும் பணமுமே அவனை உயர்த்துகின்றன. ஆகவே ‘நிலவளம்’ காட்டிய வழியைக் க.நா.சு. பின்பற்றினார் என்பதைவிட, அதற்கு மறுமொழி தந்தார் என்பதே பொருந்தும். திருவாசகச் சொல்லாட்சியைத் தலைப்பாக ஏற்றதன் மூலம், மேல்நாட்டுப் புதின வடிவில் சைவ மரபின் வினாவொன்றை அவர் எழுப்பினார்.

முடிவுரை
க.நா.சு.வின் பட்டியல்களுக்கு அடியில் அளவுகோல் ஒன்று உண்டு. அதனை அவர் தருக்கமாக அன்றிப் படைப்பாகவும் மொழிபெயர்ப்பாகவும் நிறுவினார். எனினும் செல்லப்பாவின் மறுப்பு இதனால் முற்றும் நீங்கிவிடவில்லை: ஒரு நூல் ஏன் விலக்கப்பட்டது என்பதற்குப் படைப்பு விடை தராது. கருத்தியல் மறுப்பைப் பொறுத்தவரை, அக்கிரகாரத்துக்கு அப்பால் தலைமைப் பாத்திரத்தைத் தேடிய ‘பொய்த்தேவு’ ஓரளவு விடையளிக்கிறது. திறனாய்வாளர் க.நா.சு.வை மதிப்பிடுவோர் புதின ஆசிரியர் க.நா.சு.வை ஒதுக்கிவைத்தல் ஆகாது என்பது இதனால் பெறப்படும்.