உழைப்பும் பசியும்

வயிறு காலியானால் பசிக்கிறது. சாப்பிட்டால் பசி அடங்குகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால், வயிறு காலி என்பதை மூளைக்கு யார் சொல்கிறார்கள்?

நம் உடலில் செய்தி கொண்டு போகும் பொருள்கள் உண்டு. அவை இரத்தத்தில் கலந்து போகின்றன. அவற்றுக்கு ஹார்மோன் என்று பெயர்.

வயிற்றில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 'பசிக்கிறது, சாப்பிடு' என்று அது மூளைக்குச் சொல்லும். 1999-இல் ஜப்பான் நாட்டு விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். குடலில் பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன் சுரக்கிறது. 'போதும், நிறுத்து' என்பது அது சொல்லும் செய்தி.

உழைத்தால் பசி என்ன ஆகும்?

உழைத்தவுடன் பசிக்கும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

ஓட்டம்: வேகமாக ஓடினால் கிரெலின் குறையும். பி.ஒய்.ஒய். கூடும். அதனால் ஓடி முடித்தவுடன் சாப்பாடு பிடிக்காது. சிறிது நேரம் கழித்தே பசி திரும்பும்.

எடை தூக்குதல்: இதிலும் கிரெலின் சிறிது நேரம் குறையும். ஆனால் பி.ஒய்.ஒய். அவ்வளவாக மாறுவதில்லை.

நடை: இதில் இரண்டு ஹார்மோன்களும் அதிகம் மாறுவதில்லை. பசி வழக்கம்போல் இருக்கும். நடந்தால் பசி கூடி உடம்பு பெருத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நடை, இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கவும் உதவும்.

பசி இல்லை என்றால் உணவு வேண்டாமா?

மகாராஷ்டிர மாநிலத்தில் கோலாப்பூர் என்ற ஊர் உள்ளது. அது மல்யுத்தத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே பயில்வான்கள் தண்டாலும் பஸ்கியும் எடுப்பார்கள். பயிற்சி முடிந்ததும், பாதாமை அரைத்துப் பாலில் கலந்த தண்டாய் என்ற பானத்தைக் குடிப்பார்கள். உழைத்த உடலுக்கு உணவு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் பெண்கள் நாள் முழுவதும் சுமை தூக்குகிறார்கள். கடும் உழைப்பு பசியைச் சிறிது நேரம் அடக்கும். வெயிலும் பசியைக் குறைக்கும். 'பசிக்கவில்லை, டீ போதும்' என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறார்கள்.

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 2020-இல் அது ஒரு கணக்குச் சொன்னது. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு நாளுக்கு 1,660 கலோரி வேண்டும். கடுமையாக உழைக்கும் பெண்ணுக்கு 2,720 கலோரி வேண்டும். அதாவது 1,060 கலோரி கூடுதல். அரை வயிற்றுச் சாப்பாட்டில் இது கிடைக்குமா?

பசி அடங்கியிருக்கலாம். உடலின் தேவை அடங்குவதில்லை. ஆகவே நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். சோறு அல்லது ரொட்டியுடன் பருப்பு, கீரை, முட்டை சேர்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வேளை தவறக் கூடாது.

சிந்திப்போம்

1. கிரெலின் மூளைக்கு என்ன சொல்கிறது?
2. ஓடி முடித்தவுடன் ஏன் பசிப்பதில்லை?
3. உங்கள் வீட்டில் அதிகம் உழைப்பவர் யார்? அவர் எப்போது சாப்பிடுகிறார்?