கதை சொல்லப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

ஸ்கிரிப்ட் முடிச்சாச்சு, ஒரு ஏஜெண்ட் கிடைச்சா போதும்னு உட்கார்ந்திருக்கியா? ஹாலிவுட்ல எழுத்தாளருக்கு ஏஜெண்ட் உண்டு, வர்ற பணத்துல 10 சதவீதம் அவருக்கு. கோடம்பாக்கத்துல அந்த வேலையை ஹீரோவோட மேனேஜர், தயாரிப்பு நிர்வாகி, கோ-டைரக்டர்னு ஆளாளுக்குப் பிரிச்சுப் பார்க்குறாங்க. உன் கதையைக் கேட்கிறவர் அதை இன்னொருத்தருக்குச் சொல்வார், அவர் அடுத்தவருக்குச் சொல்வார். இத்தனை வாய் மாறியும் சிதையாத கதைதான் மேல போகும். இதை மனசுல வச்சுக்கிட்டுப் படி.

1. முதல்ல பதிவு பண்ணு. கருவுக்கு மட்டும் காப்பிரைட் கிடையாதுன்னு ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல 1978-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால நாலு வரியை மட்டும் பதியாதே. சீன் சீனா விரிச்சு எழுதி, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்துல பதிஞ்சு வை. 2018-ல ‘சர்கார்’ படத்தோட கதை தன்னோடதுன்னு வருண் ராஜேந்திரன் புகார் சொன்னப்ப, அவருக்குக் கை கொடுத்தது 2007-ல அவர் பதிஞ்சு வச்ச ‘செங்கோல்’ கதைதான்.

2. ஒன்லைனைச் செதுக்கு. “அப்பா-மகன் பாசத்தைப் பத்தின கதை சார்”னு ஆரம்பிக்காதே, அது எல்லார்கிட்டயும் இருக்கு. “ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் கொலை வழக்குல சாட்சி சொல்லணும். சொன்னா மாட்டுறது அவர் பையன்.” இது கதை. உன் ஒன்லைனை வீட்டுல யார்கிட்டயாவது சொல்லு. மறுநாள் அவங்களையே திருப்பிச் சொல்லச் சொல்லு. தடுமாறினா, தப்பு அவங்க மேல இல்ல.

3. மூணு அளவுல தயாரா இரு. லிஃப்ட்ல பார்த்தா ஒரு நிமிஷம், ஆபீஸ்ல பார்த்தா 10 நிமிஷம், உட்காரச் சொன்னா முழுக் கதை. 10 நிமிஷம் கொடுத்தவர்கிட்ட முதல் சீனை மட்டுமே 10 நிமிஷம் சொல்லிட்டு வராதே.

4. ஆளைத் தெரிஞ்சுக்கிட்டுப் போ. போன மாசம்தான் போலீஸ் படம் முடிச்ச ஹீரோகிட்ட இன்னொரு போலீஸ் கதையா? சின்ன பட்ஜெட் தயாரிப்பாளர்கிட்ட நடுக்கடல்ல க்ளைமாக்ஸா?

5. மேனேஜருக்கு மெசேஜ் சுருக்கமா இருக்கட்டும். “சார், ஒரு கதை இருக்கு, கேட்பீங்களா?”ன்னு அனுப்பினா பதில் வராது. உன் பேரு, செஞ்ச வேலை, ஒன்லைன், அவ்வளவுதான். கேட்காம முழு ஸ்கிரிப்டை வாட்ஸ்அப்ல தள்ளாதே. ராத்திரி 11 மணிக்கு அனுப்பாதே. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை நினைவுபடுத்து, தினமும் ‘குட்மார்னிங்’ வேண்டாம்.

6. கதை சொல்றப்போ நடிச்சுத் தள்ளாதே. கேமரா எங்கே, டிரோன் எங்கேன்னு விவரிக்காதே. வாயால பி.ஜி.எம். போடாதே. உன் காமெடிக்கு நீயே சிரிக்காதே. நடுவுல அவருக்கு போன் வரும், டீ வரும். எங்கே விட்டேன்னு முழிக்காம, “கண்டக்டர் கோர்ட் வாசல்ல நிக்குறார்...”னு ஒரே வரியில ஞாபகப்படுத்திட்டுத் தொடரு. இன்டர்வல் வந்ததும் நிறுத்தி, தண்ணி குடி, அவர் முகத்தைப் பாரு. “அப்புறம்?”னு அவரே கேட்டா பாதி ஜெயிச்சாச்சு. கேட்கலேன்னா செகண்ட் ஹாஃபைச் சுருக்கிச் சொல்லு.

7. வாயை நம்பாதவங்களுக்குப் படத்தைக் காட்டு. கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் ‘நாளைய இயக்குநர்’ டி.வி. நிகழ்ச்சிக்கு எடுத்த குறும்படங்கள் வழியா வந்தவங்க. பாலாஜி மோகன் ‘காதலில் சொதப்புவது எப்படி’யை முதல்ல குறும்படமாத்தான் எடுத்தார், 2012-ல அது முழுப் படமாச்சு. நல்லா எடுத்த ஒரு சீன் கூடப் போதும்.

8. கதையை மட்டும் கொடுக்கறியா, நீயே இயக்கணுமா? இங்க எழுதினவன்தான் இயக்குவான்னு நினைச்சுக்குவாங்க. கடைசியில இழுபறி ஆகாம முதல் நாளே சொல்லிடு. கதை, திரைக்கதை, வசனம் மூணும் தனித்தனி டைட்டில் கார்டு. எதுல உன் பேரு வரும்னு அட்வான்ஸ் வாங்குறப்பவே எழுத்துல வாங்கிடு. “நம்ம பையன்தானே”ங்கற பேச்சு டைட்டில்ல வராது.

9. கதை கேட்கக் காசு கேட்டா எழுந்து வந்துடு. “ஹீரோ மீட்டிங் அரேஞ்ச் பண்றேன், 20 ஆயிரம் கொடு”ன்னா அது மேனேஜர் இல்ல, ஏமாத்துக்காரன். தங்கச்சிகளுக்கு ஒண்ணு: சந்திப்பு பகல்ல, ஆபீஸ்ல மட்டும். கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போ. அதுக்கு முகம் சுளிக்கிறவர் உன் கதையைக் கேட்கவே வேண்டாம்.

10. “சொல்லி அனுப்புறோம்”னா பெரும்பாலும் இல்லேன்னு அர்த்தம். வாசல்ல காத்துக் கிடக்காதே, சண்டையும் போடாதே. அதே மேனேஜர் அடுத்த வருஷம் வேற ஹீரோகிட்ட இருப்பார். எந்த இடத்துல அவர் போனை எடுத்துப் பார்த்தார்னு அன்னிக்கே நோட்டுல குறிச்சு வச்சுத் திருத்து. திருத்தி முடிச்சதும் அடுத்த ஆபீஸுக்கு மெசேஜ் போடு.